முந்திரி போடாத கல்யாணப் பாயாசம்

நம் வயதுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரித் தாள்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, இதற்கு முன் ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். அதில் எந்த உணவாவது மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றும் ஒரு வரி இருக்கும். மற்றவர்கள் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். நான் மட்டும் அழகான கையெழுத்தில் 'முந்திரி' என்று எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வருஷம் பித்தப்பையில் கல் என்று பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்தேன். தாளைப் படித்த நர்ஸ் என் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார். மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"முந்திரி ஆகாதுன்னு யாரும்மா சொன்னது?"

"எங்கப்பாங்க."

"டெஸ்ட் ஏதாச்சும் பண்ணிப் பாத்தாங்களா?"

"மூஞ்சி வீங்கினத ஊரே பாத்துச்சுங்க சார்."

அவர் சிரித்துவிட்டு, ஆபரேஷன் புண் ஆறினதும் அலர்ஜி டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ஆறு மாதம் என் பீரோவில் கிடந்தது. எனக்கு அதை எடுக்கப் பயம். முந்திரிக்குப் பயந்து அல்ல. எட்டு வயதில், ஒரு கோடை விடுமுறையில், நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யும் சீட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீடு குரும்பலூரில். பருத்தியும் சின்ன வெங்காயமும் எங்களுக்கு உள்ளும் புறமும் தெரியும். முந்திரி தெரியாது. முந்திரி என்றால் மளிகைக் கடையில் காகிதப் பொட்டலத்தில் வெள்ளையாக வருவது, பாயாசத்தில் மிதப்பது, அவ்வளவுதான். அதற்கு ஒரு ஓடு உண்டு, அந்த ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் உண்டு, பச்சையாக அது தோலில் பட்டால் வெந்துபோகும் என்பதெல்லாம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவின் ஒரே தங்கை மீன்சுருட்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போயிருந்தாள். அங்கே வீட்டுக்கு வீடு முந்திரிக் கொல்லை. சித்திரையில் நான் அத்தை வீட்டில் போய் இறங்கியபோது கொல்லை முழுக்கப் பழவாடை. மஞ்சளும் சிவப்புமாகப் பழம் தொங்கும், பழத்துக்கு அடியில் கொட்டை தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழத்தைக் கடித்தால் தொண்டை கரகரக்கும். சாறு துணியில் பட்டால் போகவே போகாது. புது மஞ்சள் பாவாடையில் முதல் நாளே கறையாக்கிக்கொண்டேன். அந்தப் பாவாடை எங்கே போனது என்று தெரியவில்லை.

கொட்டை வறுப்பதைப் பார்ப்பதுதான் பெரிய வேடிக்கை. ஓட்டை போட்ட தகரத்தில் கொட்டையைக் கொட்டி, அடியில் தீ மூட்டுவார்கள். கொட்டை எண்ணெயைக் கக்கும், தீ குபீரென்று ஏறும், அத்தை மண்ணை அள்ளிப் போட்டு அணைப்பாள். பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, கட்டையால் ஒரே தட்டில் ஓட்டை உடைத்துப் பருப்பை முழுசாக எடுப்பார்கள். அத்தையின் வலது கையில் இரண்டு விரல் நுனி எப்போதும் கறுத்தே இருக்கும்.

"பச்சக் கொட்டைய மட்டும் தொடக் கூடாது பாப்பா. வாயில வச்சுக் கிச்சுத் தொலச்ச, வாயே வெந்துரும். சொல்லிட்டேன்" என்று அத்தை வந்த அன்றே என்னிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். அதாவது, காதில் வாங்கிக்கொண்டேன்.

அத்தை மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் கொல்லையில் இருந்தோம். பச்சைக் கொட்டைக்குள் பருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்த்தாக வேண்டும். வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வரலாம் என்றாள் அவள். அதுவரை யார் காத்திருப்பது? கடித்தேன்.

உடனே உதடு எரிந்தது. துப்பினேன். மோட்டார் தொட்டியில் வாயைக் கொப்பளித்தேன், அதே கையால் கண்ணையும் கன்னத்தையும் தேய்த்தேன். அத்தை மகள் பயந்து அழத் தொடங்கிவிட்டாள். அத்தையிடம் போய்ச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் கையைப் பிடித்து என் கையில் அடிக்க வைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். என் அம்மா மேல் வாங்காமல் அவள் அம்மா மேல் ஏன் வாங்கினேன் என்று இப்போது யோசித்தால் என் குணம் எனக்கே தெரிகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை உடைந்த பருப்பையெல்லாம் நெய்யில் வறுத்து, மிளகுத்தூள் தூவி, இரண்டு கிண்ணத்தில் கொடுத்தாள். என் கிண்ணத்தில் அதிகம். "எங்கண்ணன் பொண்ணு, அங்கல்லாம் இது ஏது" என்று மகளிடம் நியாயம் சொன்னாள். மிளகு பட்டு உதடு எரிந்தது. எரிகிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். கிண்ணத்தைக் காலி செய்தேன்.

காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. உதடு தடித்து, வாயைச் சுற்றிக் கொப்புளம். அத்தை என் முகத்தைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள், "பச்சக் கொட்டையக் கடிச்சியா?"

"இல்ல."

"தொட்டியா?"

"இல்ல அத்த."

மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். வெளியே பெரிய கூட்டம். நேற்று என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். அத்தைக்கு மறைக்கத் தெரியவில்லை, முந்திரி வறுத்துக் கொடுத்தேன் என்றாள். டாக்டர் ஊசி போட்டு, முந்திரி ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் தரக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதினார்.

சேதி கிடைத்து அப்பா மறுநாள் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"பொட்டப் புள்ள மூஞ்சியப் பாரு! ஒன்ன நம்பி வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

"அண்ணே, முந்திரி தின்னு இந்த ஊருல யாருக்கும் இப்புடி ஆனதில்லண்ணே. புள்ள பச்சக் கொட்டைய எங்கயோ கடிச்சிருக்கு. பாப்பா, நீயே சொல்லும்மா. கடிச்சியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கண் அப்போது லேசாகத் திறந்திருந்தது. அதில் அத்தை தெரிந்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"பாத்தியா? நீ தின்னக் குடுத்துட்டு, புள்ள மேல பழியப் போடுற" என்றார் அப்பா. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்தச் சீட்டை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் அப்பா பத்திரப்படுத்தினார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "பொண்ணுக்கு முந்திரி ஆகாதுங்க, மத்தபடி ஒரு கொறையும் இல்ல" என்று முதல் வேலையாகச் சொன்னார். மாமியார் வீட்டில் என் பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே தனியாக ஒரு ஸ்பூன் இருந்தது. பொறுக்கிய முந்திரியெல்லாம் என் கணவருக்கு. முப்பது வருஷமாக என் பங்கைத் தின்றுதான் அந்தத் தொப்பை.

நான் பொய் சொன்னது எனக்கு மறந்துபோயிற்றா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. ஆனால் எல்லோரும் சொல்லச் சொல்ல முந்திரி ஆகாது என்பதை நானும் நம்பிவிட்டேன். கொட்டையைக் கடித்ததும் நிஜம், முந்திரி ஆகாது என்பதும் நிஜம் என்று இரண்டும் என் மனதில் சண்டை போடாமல் இருந்தன. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு தடவை ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். தா.பழூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு அம்மா, சாப்பாட்டு நேரத்தில் கஞ்சத்தனத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "எங்க பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேங்க. நாலு புறமும் முந்திரிக் கொல்ல வச்சிருக்க வூடு. பாயாசத்துல ஒரு முந்திரி இல்ல, கேசரியில இல்ல, பொங்கல்ல இல்ல. மாப்ள வூட்டுக்காரங்க அங்கேயே சிரிச்சுட்டாங்க." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். யார் வீடு என்று கேட்டேன். "பொண்ணோட அம்மாவுக்கு அண்ணன் பொண்ணு ஒண்ணு இருக்காம், அதுக்கு முந்திரி ஆகாதாம். அது வரும் வரும்னு சமையக்காரங்களப் பொட்டலத்தப் பிரிக்கவே வுடலியாம். கடசி வரைக்கும் அந்தப் பொண்ணு வரவே இல்லயாம்" என்றார்.

அத்தை மகளின் கல்யாணம் அது. வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு அத்தை குரும்பலூர் வந்து அழைத்ததும், "பாப்போம்" என்று அப்பா சொன்னதும், நாங்கள் போகாததும் எனக்கு ஞாபகம் வந்தது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். அப்போதாவது அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்பா இருந்தார், தெம்பாகவே இருந்தார். சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தபோது அத்தை வந்தாள். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

சென்ற மாசியில்தான் சீட்டை எடுத்தேன். "இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? வூட்டுலயே ரெண்டு தின்னு பாத்துடேன்" என்றார் என் கணவர். இதை நான் அலர்ஜி டாக்டரிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "நெஜமாவே அலர்ஜி இருந்து, வீட்ல வச்சு மூச்சடைச்சா என்னம்மா பண்ணுவீங்க? அப்படியெல்லாம் யாருமே பண்ணக் கூடாது" என்றார்.

அவர் முதலில் கதை கேட்டார். முந்திரி எப்போது சாப்பிட்டேன், வீக்கம் எப்போது வந்தது என்று மணி உட்பட. சாயங்காலம் தின்றது, காலையில் வீங்கியது என்றேன். பேனாவை நிறுத்தினார்.

"முந்திரி அலர்ஜின்னா பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிரும், மிஞ்சினா ரெண்டு மணி நேரம். ராத்திரி நல்லாத் தூங்கிருக்கீங்க. அன்னைக்கு வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? எதையாவது தொட்டீங்களா?"

அத்தை கேட்ட அதே கேள்வி. அறையில் வேறு யாரும் இல்லை. "பச்சைக் கொட்டையக் கடிச்சேங்க" என்றேன். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னேன். அவர் அதிராமல் எழுதிக்கொண்டார். ஓட்டில் இருக்கும் எண்ணெய் யார் வாயில் பட்டாலும் புண்ணாக்கும், அது வேறு, பருப்பு ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு என்றார். கையில் முந்திரிச் சாறு ஒரு சொட்டு வைத்து ஊசியால் குத்திப் பார்த்தார்கள், ஒன்றும் தடிக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் ஆள் இருக்கச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும் என்று ஒரு நாள் குறித்தார். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை எதுவும் தொடக் கூடாது.

அந்த நாள் காலையில் கட்டிலில் உட்கார வைத்தார்கள். விரலில் ஒரு கிளிப், கையில் பிரஷர் பட்டை, பக்கத்துத் தட்டில் அவசரத்துக்கு ஊசி மருந்து. இன்னொரு தட்டில் மூடி போட்ட சின்னக் கிண்ணங்கள், எண் ஒட்டி, வரிசையாக. முதல் கிண்ணத்தில் இருந்தது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு துணுக்கு. அதைத் தின்றுவிட்டு இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். நர்ஸ் நாக்கைப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார், நாடியை எண்ணுவார். பிறகு அடுத்தது, முன்னதைவிடக் கொஞ்சம் அதிகம். கால் பருப்பு, அரைப் பருப்பு, ஒன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது, வீங்கினால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. வீங்கிவிட்டால் அப்பா சொன்னது சரி, டாக்டர் சீட்டு சரி, என் பொய்யால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வீங்காவிட்டால் அத்தையின் பேரில் குற்றமே இல்லை, எல்லாம் நான் செய்தது. அரைப் பருப்புக் கிண்ணத்துக்குப் பிறகு காது அரித்தது, தொண்டை அடைத்தது. ஆசையாகச் சொன்னேன். டாக்டர் ஓடி வந்தார், ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டார், தோலைப் பார்த்தார், பத்து நிமிஷம் என் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் சரியாக இருந்தது. "பயந்தாலும் இப்படித் தோணும்மா" என்று அடுத்த கிண்ணத்தைத் திறந்தார்.

ருசி ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஊறின நிலக்கடலை மாதிரி, கொஞ்சம் இனிப்பு. இதற்கா இத்தனை வருஷம் என்று தோன்றியது.

எல்லாக் கிண்ணமும் காலியானது. அதன் பிறகும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே ஆகவில்லை. "இப்ப உங்களுக்கு முந்திரி அலர்ஜி இல்ல, தாராளமா சாப்பிடலாம். சின்ன வயசுல இருந்து பெறகு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்பிடியும் நடக்கும். ஆனா நீங்க சொல்றதப் பாத்தா, அது ஓட்டு எண்ணெய்தான்" என்றார் டாக்டர். 'இருந்து போயிருக்கலாம்' என்ற அந்தச் சின்ன இடுக்கை ஒரு வாரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அத்தை மகளுக்குப் போன் செய்து, வருகிறேன் என்றேன்.

அரியலூர் தாண்டும்வரை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஜெயங்கொண்டத்தில் மாறி, போய் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. அத்தை கட்டிலில் சாய்ந்திருந்தாள். எண்பது வயது இருக்கும். உடம்பு வற்றிவிட்டது, விரல் நுனிக் கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அத்தை மகளும் அவள் கணவரும் இப்போது அங்கேயேதான் இருக்கிறார்கள்.

உட்கார்ந்ததும் பாயாசம் வந்தது. திராட்சை மட்டும் மிதந்தது.

"பயப்படாமக் குடி பாப்பா. வூட்டுல இருந்த பருப்பயெல்லாம் காலையிலயே பக்கத்து வூட்டுக்குக் குடுத்து அனுப்பிட்டேன். கரண்டிகூட வேறதான்" என்றாள் அத்தை.

எனக்கு அவமானமாக இருந்தது. தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அத்த, எனக்கு முந்திரி ஒண்ணும் பண்ணாதாம். ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துட்டாங்க. அன்னைக்கு நான் பச்சக் கொட்டையக் கடிச்சேன். நீங்க கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்."

அத்தை மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா."

"பொறவு ஏண்டி சொல்லல?"

"ஒங்க மேல சத்தியம் வாங்கிட்டா. சொன்னா நீங்க செத்துருவீங்கன்னு பயம்."

"ஒங் கல்யாணத்தன்னிக்குமா? அத்தன பேரு சிரிச்சாங்களே?"

"அன்னைக்குந்தான்."

அத்தை சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள். "அதான் எல்லாரும் போயும் நான் இன்னும் கெடக்கேனாக்கும்" என்றாள். அத்தை மகள் சிரிக்கவில்லை. பேரன் எடுத்தவள், முகம் வெளுத்துப்போய், "நானாச் சொல்லலம்மா, அவளாத்தான் சொன்னா. அது சேராது" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் தெரிஞ்சுக்காமயே போயிருச்சே" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

பிறகு பக்கத்து வீட்டிலிருந்து பருப்பைத் திரும்ப வாங்கி வரச் சொன்னாள். நெய்யில் வறுத்து, மிளகு தூவி, கிண்ணத்தில் வந்தது. என் உள்ளங்கையில் அவளே நாலு எடுத்து வைத்தாள். நான் மென்று விழுங்கும்வரை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில தின்னதும் அனுப்பிட்டாங்களா?"

"இல்லத்த. ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுப் பாத்துதான் அனுப்புனாங்க."

"அப்ப இங்கயும் ரெண்டு மணி நேரம் உக்காரு" என்றாள். என் கையை இழுத்து மடியில் வைத்து, கறுத்த விரல் இரண்டையும் மணிக்கட்டில் அழுத்திப் பிடித்தாள்.

"நாடி பாக்கத் தெரியுமா அத்த?"

"தெரியாது. சும்மா புடிச்சிருக்கேன்."